வேலை செய்த மருந்து

இளம் நண்பர்களுக்கு,

நம் வைத்தியர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தீர்கள். மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்கு வரும் தொல்லைகளுக்கு, என் முப்பத்து நான்கு வருடச் சித்த வைத்தியத்தில் கைகண்ட மருந்துகளை அளவோடும், தேனிலா பாலிலா என்ற அனுபானத்தோடும் எழுதித் தரச் சொன்னீர்கள். உடம்பு அனலாய்க் கொதிப்பது, தூக்கம் கெடுவது, படபடப்பு, மறதி, மூட்டுவலி, அதிக உதிரப்போக்கு என்று நீங்களே ஒரு பட்டியலும் இணைத்திருந்தீர்கள்.

மருந்துகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் அனலுக்குச் சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. பருத்திப் புடவையும், மாலை நடையும், சாயங்காலக் காப்பியை நிறுத்தியதும் செய்த நன்மையில் பாதிக்கு மேல் என் லேகியத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறது. இதற்கு மேல் அந்தப் பட்டியலைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. என் கையில் மிக நன்றாக வேலை செய்த ஒரு மருந்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதனால் ஒரு பெண் இறந்துபோனார்.

அவரை ஜானகி என்று வைத்துக்கொள்கிறேன். அவர் வீட்டார் பெயர் உட்படப் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு வீட்டின் முன் பாதியில் என் வைத்தியசாலை இருந்தது. நான் உட்காரும் அறை, வெளியே பெஞ்சு, பக்கவாட்டில் மருந்து கொடுக்கும் சன்னல். சன்னலுக்கு உள்ளே கஸ்தூரி இருப்பார். கோட்டூர்புரம் ஆற்றங்கரைக் குடியிருப்பிலிருந்து வருவார். எட்டாவது வரை படித்தவர். பன்னிரண்டு வருடம் என்னிடம் மருந்து கட்டினார்.

பெண்கள் என்னிடம் பாதிதான் சொல்வார்கள். ஆண் டாக்டர், அறை வாசலில் திரைதான், வெளியே நாலு பேர் காத்திருப்பார்கள். 'ஒரு மாதிரியா இருக்கு', 'வழக்கமான தொந்தரவு', 'கீழ்வயிறு' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். மீதியைச் சன்னலில் கஸ்தூரியிடம் சொல்வார்கள். அவர் பொட்டலத்தைக் கட்டியபடியே 'எப்பலேர்ந்து? ரொம்பப் போவுதா? வலி கீதா?' என்று கேட்டு எல்லாவற்றையும் வாங்கிவிடுவார். பிறகு உள்ளே வந்து எனக்குச் சொல்வார். எங்கள் இடத்தில் வேலை நடந்த விதம் இதுதான். நான் அதை ஏற்பாடாகச் செய்யவில்லை. அதுவாக அமைந்தது, நான் அதில் வசதியாக இருந்தேன்.

ஒரு தடவை ஜாம்பஜார் பக்கத்திலிருந்து ஜரிகை வேலைக்காரர் ஒருவர் மனைவியை அழைத்து வந்தார். வயது நாற்பத்தேழு. படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை. நான் வயதைக் கேட்டதுமே முடிவு கட்டிவிட்டேன். மருந்து எழுதி அனுப்பினேன். கஸ்தூரி பொட்டலத்தோடு திரும்பி வந்தார்.

"டாக்டரே, பாட்டில் வாங்கும்போது அந்த பாய் வூட்டம்மா கை எப்டி ஆடுது தெரியுமா? வளையல் சத்தம் எனக்குக் கேக்குது. நல்லா சாப்டறாங்களாம், ஆனா இளைச்சுக்கினே போறாங்களாம். இது உங்க அனல் சமாச்சாரம் இல்ல."

ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். தைராய்டு. நன்றாகிவிட்டார். அவர் கணவர் ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு வந்து, "டாக்டர் சாப், பார்த்த உடனே கண்டுபிடிச்சீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கண்டுபிடிக்கவில்லை என்று அவரிடம் சொல்லவில்லை. கஸ்தூரி சன்னலுக்குப் பின்னால்தான் இருந்தார். இந்தச் சிறிய விஷயத்தை ஏன் எழுதுகிறேன் என்றால், அவர் சொல்வதைக் கேட்டால் பலன் உண்டு என்பது எனக்கு முன்பே தெரியும் என்பதை நீங்கள் அறிய வேண்டும்.

ஜானகி முதலில் வந்தபோது வயது நாற்பத்தொன்பது. கணவரும் கூட வந்திருந்தார், கணக்கு வாத்தியார். உடம்பு எரிகிறது, ராத்திரி எழுந்து முகம் கழுவுகிறேன் என்றார் ஜானகி. மறதியும் இருக்கிறது என்றார். பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டாராம்.

"என்னையே மறந்துடுவா போலிருக்கு, டாக்டர்" என்றார் வாத்தியார். "அதுக்கு மட்டும் மருந்து குடுத்துடாதீங்கோ."

ஜானகி சிரித்தார். நானும் சிரித்தேன். நோட்டில் 'அனல், உறக்கமின்மை, மறதி' என்று எழுதினேன். அதற்குப் பின் ஏழு வருடம் அந்தக் குடும்பத்துக்கு நான்தான் வைத்தியர். மூட்டுவலி, சளி, மகள் வித்யாவின் பிரசவத்துக்குப் பிந்திய லேகியம், எல்லாம் என்னிடம்தான்.

குடும்ப வைத்தியருக்கு மட்டுமே வரும் ஒரு குருட்டுத்தனம் உண்டு. நோயாளிக்கு வயது ஏறிக்கொண்டே போகும், நம் மனத்தில் மட்டும் அவர் முதல் நாள் எழுதிய நோயோடு அதே இடத்தில் நிற்பார். ஜானகி என்றால் எனக்கு 'நிற்கும் காலத்துப் பெண்'. அவருக்கு எப்போதோ நின்றுவிட்டது என்பதை நான் கேட்டதே இல்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் தனியாக வந்தார். உட்கார்ந்தும் குடையை மடியிலிருந்து இறக்கவில்லை.

"டாக்டர், திரும்பவும் வந்துடுத்து."

"என்னது?"

"அதான்." திரையைப் பார்த்தார். "ஒரு மாசமா. ரொம்பன்னு இல்லை. ரெண்டு நாள் படறது, நாலு நாள் இருக்கறதில்லை."

"நிக்கிற சமயத்தில் ஏறுக்குமாறாகத்தான் வரும்" என்றேன்.

"தையில அவருக்கு அறுபது. மண்டபம் பேசியாச்சு. அன்னிக்கு நான் மனையில உக்காரணும். இதை வச்சுண்டு எப்படி உக்காருவேன்? அதுக்குள்ள நிறுத்திக் குடுத்துடுங்கோ. ஆத்துல யாருக்கும் தெரியாது. வித்யாகிட்டகூடச் சொல்லலை. இந்த வயசுல நான் ஓரமா உக்காந்தேன்னா சம்பந்தியாத்துல சிரிப்பா."

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். 'கடைசியாக நின்று எத்தனை காலம் ஆகிறது?' அதைக் கேட்கவில்லை. அவர் கேட்டது தேதிக்குள் நிறுத்துவது. என் மனம் முழுக்க அந்தத் தேதியில் இருந்தது. இம்பூறல் மாத்திரையும் அத்திப்பட்டைக் குடிநீரும் எழுதினேன். ஒரு மண்டலம் சாப்பிடுங்கள், நாற்பத்தெட்டு நாளில் சரியாகிவிடும் என்றேன். கணக்குப் போட்டுப் பார்த்தார். தைக்கு முன்னால் முடிந்துவிடும் என்று தெரிந்ததும் முகம் தெளிந்தது.

அவர் போனதும் கஸ்தூரி உள்ளே வந்தார்.

"டாக்டரே, அந்த ஐயரூட்டம்மாவுக்கு நின்னு அஞ்சு வருசம் ஆவுதாம்."

"எழுதியாகிவிட்டது. அடுத்தவரை அனுப்பு."

"அஞ்சு வருசம் கழிச்சு வந்தா அது மாசாந்திரமா? எங்க நாத்தனாருக்கு இப்டித்தான் வந்துச்சு. பெரியாஸ்பத்திரில பாத்துட்டு கட்டி கீதுன்னாங்க."

"கஸ்தூரி, நீ மருந்தைக் கட்டு."

"கட்டிக்கினுதான் கீறேன். சொல்லணும்னு தோணுச்சு, சொன்னேன்."

தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. கல்லூரி மருத்துவமனையில் எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் ஒருவர் இருந்தார். மருந்து எழுதுவதில் சிக்கனமானவர். 'நின்று ஒரு வருடம் தாண்டிய பெண்ணுக்கு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உன் மருந்துப் பெட்டியை மூடு. ஸ்கேனுக்கும் சதைப் பரிசோதனைக்கும் அனுப்பு. ஒன்றுமில்லை என்று வந்தால் அப்புறம் உன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டு' என்பார். அந்த விதியை நானே பிறகு மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். கஸ்தூரி சொன்ன அந்த நிமிஷத்திலும் அது எனக்கு ஞாபகம் வந்தது. வெளியே போய் ஜானகியைக் கூப்பிட்டிருந்தால் தெருமுனையிலேயே பிடித்திருக்கலாம், மழையில் மெல்லத்தான் நடந்துபோனார். கூப்பிட்டால், இப்போதுதான் நாற்பத்தெட்டு நாள் என்று உறுதி சொன்ன வாயால், எனக்குத் தெரியவில்லை, வேறு இடத்தில் காட்டுங்கள் என்று சொல்ல வேண்டும். அதுவும் மருந்து கட்டுகிறவர் சொல்லித் திருத்திக்கொண்டு. பெஞ்சில் ஆறு பேர் இருந்தார்கள். அடுத்தவரை நானே கூப்பிட்டேன்.

மருந்து வேலை செய்தது. பதினோராம் நாள் வந்து நின்றுவிட்டது என்றார். நோட்டில் 'உதிரப்போக்கு நின்றது' என்று எழுதி அடியில் கோடு போட்டேன்.

அறுபதாம் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். வாத்தியார் ஈர வேஷ்டியோடு வந்து, "இவர்தான் எங்காத்து தன்வந்திரி" என்று தன் மைத்துனருக்கு அறிமுகப்படுத்தினார். ஜானகி மடிசாரில் மனையில் உட்கார்ந்திருந்தார். அட்சதை போடக் குனிந்தபோது மெல்லச் சொன்னார், "ஒரு சொட்டு இல்லை, டாக்டர்." பந்தியில் உட்கார்ந்து பாயசம் இரண்டாம் முறை கேட்டுச் சாப்பிட்டேன்.

அடுத்த மாதம் தியாகராய நகரில் நம் சங்கத்துக் கூட்டத்தில் இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசினேன். பெயர் சொல்லாமல், 'ஐம்பத்தாறு வயது அம்மையார், பதினோரு நாள்' என்றேன். கைதட்டினார்கள். வயதைச் சொன்னபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கூட்டத்தில் ஒருவராவது எழுந்து கேட்டிருக்க வேண்டும். உங்களில் சிலர் அன்று அங்கே இருந்திருக்கலாம்.

மாசியில் திரும்ப வந்தது. இன்னொரு மண்டலம் என்றேன். நமக்கு மண்டலம் என்பது மருந்து தன் வேலையைக் காட்ட நாம் கொடுக்கும் அவகாசம். நோயாளியும் அதை மதிப்பார். நடுவில் எதுவும் கேட்க மாட்டார், பாதியில் விட்டால் தோஷம் என்பதுபோலக் கடைசி நாள் வரை சாப்பிடுவார். நோய்க்கும் அதே நாற்பத்தெட்டு நாளை நாம் கொடுக்கிறோம் என்பதை நான் யோசிக்கவில்லை. மறுபடியும் நின்றது, மறுபடியும் வந்தது. மூன்றாவது மண்டலத்தில் இடுப்பு வலிக்கிறது என்றார். ரவிக்கை தோளில் நழுவியது. "விழா அலைச்சல்" என்றேன். விழா முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. கஸ்தூரி அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஜானகியிடம் சன்னலில், "பெரியாஸ்பத்திரில ஒரு தபா காமிச்சுக்கம்மா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. ஜானகி, "டாக்டர் பார்த்துண்டிருக்காரே" என்றார்.

ஆனியில் அவர் வரவில்லை. ஆடியில் வித்யா வந்தார். அடையாறில் குடித்தனம், வேலைக்குப் போகிறவர். கையில் ஆஸ்பத்திரி கவர் இருந்தது.

"டாக்டர், அம்மாவுக்குக் கர்ப்பப்பையில கான்சர். வெளியில பரவியிருக்குன்னு சொல்றா. குளியல் அறையில மயக்கம் போட்டு விழுந்தப்பறம்தான் எங்களுக்கே தெரிஞ்சது. முன்னாடி எங்க காட்டினேள், என்ன மருந்து சாப்பிட்டான்னு கேக்கறா. உங்க நோட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

"எடுத்து வைக்கிறேன். ஒரு பத்து நிமிஷம் வெளியே உட்காருங்கள்."

கஸ்தூரி நோட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நகர்ந்தார். ஐப்பசிப் பக்கத்தைப் பிரித்தேன். மருந்து எழுதியதற்குக் கீழே இரண்டு வரி இடம் இருந்தது. அதே பேனாதான் மேசையில் இருந்தது. எழுதினேன்: 'ஸ்கேன் எடுக்கவும் மகளிர் மருத்துவரைப் பார்க்கவும் அறிவுறுத்தப்பட்டது. விழா முடிந்ததும் பார்ப்பதாகக் கூறினார்.'

இரண்டாவது வாக்கியம்தான் கொடியது. முதல் வாக்கியம் என்னைக் காப்பாற்றப் போதும். இரண்டாவது, பழியை எடுத்து அவர் மடியில் போட்டது. விழா உண்மை, அவர் அவசரம் உண்மை, மகளிடம் மறைத்ததும் உண்மை. படிக்கிற யாரும் நம்புவார்கள்.

வித்யா படித்தார். போனில் படம் எடுத்துக்கொண்டார். "அப்பவே சொல்லியிருக்கேளா?" என்று கேட்டார். தலையாட்டினேன். வாயால் சொல்லவில்லை என்று எனக்கு நானே பல நாள் சமாதானம் சொல்லிக்கொண்டது உண்டு. அவர் நோட்டை மூடி வைத்துவிட்டுப் போனார்.

கஸ்தூரி வாசலில் நின்றிருந்தார்.

"இன்னா எழுதினீங்க, டாக்டரே?"

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"அந்தப் பக்கத்த நான் நூறு தபா பாத்துக்கீறேன். மருந்து பேரைப் பாத்துதான கட்டறேன்." சன்னல் பக்கம் திரும்பினார். "நாளையிலேர்ந்து நான் வரல."

"வேறு வேலை கிடைத்திருக்கிறதா?"

"இல்ல."

சன்னல் கதவைச் சாத்தி, தராசைத் துடைத்து வைத்துவிட்டுப் போனார். வித்யாவிடம் போய்ச் சொல்வார் என்று நான் பல வாரம் பயந்தேன். சொல்லவில்லை. எட்டாவது படித்த பெண் சொல்லி யார் நம்புவார்கள் என்று அவர் நினைத்திருக்கலாம். என் பெயருக்கு இருந்த மரியாதை அவர் வாயையும் கட்டிப்போட்டது. பிறகு அவர்கள் குடியிருப்பைக் காலி செய்து நகரத்துக்கு வெளியே எங்கோ அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். தேடிப் போகவில்லை.

ஜானகியை ஒரு தடவை பார்க்கப் போனேன். அவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் போனேன் என்று நினைக்கிறேன். கூடத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். தலையில் துணி சுற்றியிருந்தது. வாத்தியார் காலடியில் உட்கார்ந்திருந்தார். வித்யா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். நான் நாற்காலியில் உட்காரும் முன்பே ஜானகி பேசத் தொடங்கினார்.

"மன்னிச்சுடுங்கோ, டாக்டர். நீங்க அப்பவே சொல்லியிருக்கேள். நேக்குத்தான் சுத்தமா ஞாபகம் இல்லை. கல்யாண சந்தடியில காதுல வாங்கிக்கலை போலிருக்கு. உங்களுக்கும் கெட்ட பேர்."

"அம்மா, விடு. கஞ்சி குடி" என்றார் வித்யா. குரலில் கோபம் இருந்தது. அது என் மேல் இல்லை.

ஏழு வருடத்துக்கு முன் நான் என் கையால் எழுதிய 'மறதி' என்ற சொல் அப்போது எனக்குத் துணைக்கு வந்தது. அவர் தன் ஞாபகத்தை நம்பவில்லை. என் எழுத்தை நம்பினார். சொல்வதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்திருக்காது. "இப்போது அதையெல்லாம் நினைக்கக் கூடாது, ஓய்வெடுங்கள்" என்றேன். காப்பி கொடுத்தார்கள், குடித்தேன்.

அடுத்த மாசியில் இறந்தார். நான் அதன் பிறகும் நாலு வருடம் வைத்தியம் பார்த்தேன். வயதான பெண் யார் வந்தாலும் ஸ்கேனுக்கு அனுப்பினேன். 'டாக்டருக்கு இப்போ பயம் வந்துடுத்து' என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அந்த நாலு வருடத்தில் இரண்டு பெண்களுக்கு ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டு, இருவரும் நன்றாக இருக்கிறார்கள். இதை என் தரப்புக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. அனுப்புவது எவ்வளவு எளிது என்று காட்டத்தான். ஒரு சீட்டில் மூன்று வரி எழுத வேண்டும். அவ்வளவுதான்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வந்தவுடன் தேதியைக் கேளுங்கள். கடைசியாக எப்போது, நின்று எவ்வளவு காலம். பத்து வருடமாகத் தெரிந்தவராக இருந்தால் இரண்டு தடவை கேளுங்கள். கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருந்தால், கேட்கக்கூடிய ஒரு பெண்ணை அறைக்குள் உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள், சன்னலுக்குப் பின்னால் வேண்டாம். அவர் சொல்வதை நோட்டில் அவர் பெயரோடு எழுதுங்கள். கல்யாணம், கிருகப்பிரவேசம், கோயில், மலை யாத்திரை என்று ஒரு தேதியைக் காட்டி நிறுத்தச் சொன்னால், நிறுத்தும் மருந்தைத் தொடும் முன் ஏன் வருகிறது என்று பாருங்கள். நம் மருந்துகளில் சில நிறுத்தும். நின்றது என்பதால் நோய் போய்விட்டது என்று எழுதாதீர்கள். இன்று நீங்கள் போனிலேயே பார்த்து மண்டலக் கணக்கில் மருந்தைக் கூரியரில் அனுப்புகிறீர்கள். ரவிக்கை தளர்ந்ததைப் போனில் யார் பார்ப்பார்கள்? நேரில் பார்த்தும் நான் விட்டேன்.

தவறு நேர்ந்தால் நோட்டைத் தொடாதீர்கள். தவறான மருந்தை நான் அறியாமையிலும் அகம்பாவத்திலும் எழுதினேன் என்று சொல்லலாம். அந்த இரண்டு வரியை அறிந்தே எழுதினேன்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் இதை எதையும் எழுதும் எண்ணத்தில் இல்லை. கைகண்ட மருந்து என்று கேட்டதும், அத்திப்பட்டைக் குடிநீரின் அளவைப் பார்த்து எழுதலாம் என்று பழைய நோட்டுகளை இறக்கினேன். அந்த அளவு ஜானகியின் பக்கத்தில்தான் இருந்தது. 'உதிரப்போக்கு நின்றது' என்பதன் கீழே நான் போட்ட கோடும் இருந்தது. அளவைப் பாதி வரை காகிதத்தில் எழுதினேன். மேலே எழுத முடியவில்லை. அடுத்த வாரம் நோட்டை எடுத்துக்கொண்டு அடையாறு போனேன்.

வித்யா அடையாளம் கண்டுகொண்டு உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே சொன்னேன். எந்த இரண்டு வரி, எந்தப் பத்து நிமிஷத்தில் என்று காட்டினேன். நோட்டை வாங்கி வெகு நேரம் பார்த்தார்.

"அம்மா கடைசி வரைக்கும் எங்கிட்ட மன்னிப்பு கேட்டுண்டே இருந்தா" என்றார். "டயப்பர் மாத்தும்போதெல்லாம் கேட்பா. உங்களுக்கெல்லாம் கஷ்டம் குடுத்துட்டேனேன்னு. நான் ஒரு தடவைகூடப் பரவாயில்லைன்னு சொல்லலை. சொல்லியிருந்தும் போகாம இருந்திருக்காளேன்னு அவ்வளவு ஆத்திரம் நேக்கு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"வேண்டாம். அப்பா உள்ள இருக்கார். நீங்களே போய்ச் சொல்லுங்கோ. நான் சொல்ல மாட்டேன்."

வாத்தியார் கட்டிலில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைக் காட்டினார். நாலைந்து வாக்கியத்தில் சொல்லி முடித்தேன். காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கேட்டிருந்தது. பேப்பரை நாலாக மடித்தார்.

"அப்போ அவ சொன்னது சரி" என்றார்.

"யார்?"

"ஜானகிதான். வித்யா அந்தப் படத்தைக் காட்டின அன்னிக்கே சொன்னா. டாக்டர் அப்படி ஒண்ணும் சொல்லலையேன்னா. ரெண்டு தடவை சொன்னா. நான்தான், நோக்கு என்னிக்கு எது ஞாபகம் இருந்ததுன்னு கேட்டேன்." மடித்த பேப்பரைப் பக்கத்தில் வைத்தார். "அதுக்கப்பறம் அவ சொல்லலை."

நான் மன்னிப்புக் கேட்டேன். அதைக் கேட்டதாக அவர் காட்டிக்கொள்ளவில்லை.

"நீங்க போங்கோ" என்றார். "நான் கொஞ்சம் தனியா இருக்கணும்."

வித்யா கேட் வரை வந்தார். நோட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. சங்க மலரில் இதை எழுதப் போகிறேன், உங்கள் பெயர்கள் வராது என்றேன்.

"எழுதுங்கோ. ஆனா 'எனக்குத் தெரிஞ்ச ஒரு வைத்தியர் இருந்தார்'னு ஆரம்பிக்காதீங்கோ."

மாட்டேன் என்றேன். கேட்டைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

எனவே கட்டுரையில் இடம் போதவில்லை என்றால் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். கீழே என் முழுப் பெயரையும் பதிவு எண்ணையும் மட்டும் எடுத்துவிடாதீர்கள்.